உப்புக்காற்றில் மரப்பசை: மேசைக்கு எது, வெனியருக்கு எது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை நகரத்தின் மேல் கொட்டியது. தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து, முழங்கால் அளவு வெள்ளம் நின்ற ஒரு வீட்டுக்கு மரச்சாமான்களைப் பார்க்கப் போனேன். ஒரே அறையில் இரண்டு அலமாரிகள் அடுத்தடுத்து நின்றன. தாத்தா காலத்துத் தேக்கு அலமாரியின் கால் மூட்டுகள் தளர்ந்து, அவற்றிலிருந்து வெல்லப்பாகு போன்ற பழுப்புநிறக் குழம்பு கசிந்திருந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த பிளைவுட் அலமாரியின் அடிப்பகுதி ஓர் அடி உயரத்துக்கு ஊறிய நோட்டுப் புத்தகம்போல் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. பிளைவுட்டின் மேல் ஒட்டியிருந்த மைக்கா என்னும் அலங்காரத் தகடு தன் பிடியை விடவில்லை. பிளைவுட்டின் முதல் அடுக்கையும் கவ்விக்கொண்டே அது தனியாக வந்திருந்தது.

ஆக, ஒரே தண்ணீரில் மூன்று பசைகள் நனைந்து மூன்று விதமாக நடந்துகொண்டன. தேக்கில் இருந்தது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம். ஊறி இளகியது, ஆனால் மரத்தைக் கெடுக்கவில்லை. பிளைவுட்டுக்குள் இருந்தது மலிவான யூரியா பார்மால்டிஹைடு பிசின். அது விட்டபின் மீட்க எதுவும் மிஞ்சவில்லை. மைக்காவுக்கு அடியில் இருந்தது ரப்பர் பசை. தண்ணீர் அதை அசைக்கவே இல்லை. அப்படியானால் எல்லாவற்றையும் ரப்பர் பசையால் ஒட்டிவிடலாமே என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் கொஞ்சம் நீளமானது.

கடையில் பசை வாங்குவோர் பெரும்பாலும் கேட்பது "எது நல்லா பிடிக்கும்?" என்பதைத்தான். காய்ந்த நிலையில் முறையாக ஒட்டப்பட்ட எந்த நல்ல மரப்பசையும் ஏறத்தாழ மரத்தின் வலுவுக்கு நிகராகவே பிடிக்கும். மரப்பசைகளைத் தரம் பிரிக்கும் ஐரோப்பிய இ.என். 204 நியமம் டி1 முதல் டி4 வரை நான்கு வகுப்புகளை வைத்திருக்கிறது. அவற்றில் மிகத் தாழ்ந்த வகுப்பான டி1கூட, காய்ந்த நிலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் விசையைத் தாங்கியாக வேண்டும். தேக்கு மரமே தன் இழையோட்டத்தை ஒட்டிப் பிளக்காமல் தாங்குவது சுமார் 13 நியூட்டன்தான். வேறுபாடு தெரிவது நனைந்த பிறகுதான். நான்கு நாள் தண்ணீரில் கிடந்து ஈரமாகவே சோதிக்கப்படும்போது டி3 பசை 2 நியூட்டன் தாங்கினால் போதும். டி4 பசை 4 நியூட்டன் தாங்க வேண்டும், ஆறு மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் அதே அளவு தாங்க வேண்டும். பசையின் பிடிப்பைவிட, அந்த மூட்டு எதைச் சந்திக்கப்போகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தண்ணீரா, வெயிலா, மரத்தின் அசைவா, இடைவெளியா, என்றேனும் ஒருநாள் அதைப் பிரிக்க வேண்டியிருக்குமா என்ற ஐந்தையும் யோசித்துவிட்டால் தேர்வு தானாக விழுந்துவிடும்.

மரத்தின் அசைவைக் கடற்கரைக்காரர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மரம் வெட்டிப் பல ஆண்டு ஆனாலும் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொடும்போது, மரத்துக்குள் அதன் எடையில் சுமார் 14 விழுக்காடு நீர் இருக்கும். அதே மரத்தை எந்நேரமும் ஏ.சி. ஓடும் அறையில் வைத்தால் அது மெல்லமெல்ல 9 விழுக்காட்டுக்கு இறங்கும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. அப்படியும் குறுக்குவாட்டில், வளையங்களின் போக்கில் அறுத்த பலகை, ஒரு விழுக்காடு ஈரம் போனால் தன் அகலத்தில் சுமார் 0.2 விழுக்காடு சுருங்கும். இரண்டடி அகல மேசைப் பலகை ஐந்து விழுக்காடு ஈரத்தை இழந்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் குறுகிவிடும் என்று பொருள். நீளவாட்டில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. நீளவாட்டுப் பலகையையும் குறுக்குப் பலகையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒட்டி, இரண்டையும் அசையாமல் பிடித்து வைக்கும்படி பசையிடம் கேட்பது வீண். பசை விடாவிட்டால் மரம் வெடிக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அப்படி விழுந்த பலாவில் அறுத்த பலகைகள் சில மாதங்களிலேயே எங்கள் பட்டறைக்கும் வந்தன. மஞ்சள் நிறமும் விலையும் கண்ணைக் கட்டியதில், சரியாக உலராத பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரு சாப்பாட்டு மேசை செய்தேன். ஒட்டியது பெவிகால் போன்ற வெள்ளைப் பசையால், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. மூட்டுகள் கச்சிதமாக இருந்தன. அடுத்த கத்திரி வெயிலில் பலகையின் இரு முனைகளிலும் கோடு பிளந்தது. பிளந்த இடத்தைப் பார்த்தால் பசைக் கோடு முழுசாக இருந்தது. அதற்கு ஒரு நூல் தள்ளி மரம்தான் கிழிந்திருந்தது. உலர்ந்த மரமா என்று பார்க்காமல் எந்தப் பசை என்று யோசிப்பது, அடுப்பே பற்றவைக்காமல் என்ன குழம்பு என்று பேசுவதைப் போன்றது.

வெள்ளைப் பசைக்கு வருவோம். பாலிவினைல் அசிடேட் என்னும் இந்தப் பொருளை 1912இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் பிரிட்ஸ் கிளாட்டே. நம் நாட்டில் பிடிலைட் நிறுவனம் 1959இல் பெவிகாலை விற்கத் தொடங்கிய பிறகு, காய்ச்ச வேண்டாத, நாற்றமில்லாத இந்தப் பசை வஜ்ஜிரத்தைப் பட்டறைகளிலிருந்து ஓட்டிவிட்டது. நாளடைவில் அந்த வணிகப் பெயரே பொருளின் பெயராகவும் ஆகிவிட்டது. நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிசின் துகள்களே இதன் சரக்கு. நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும்போது துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிக் கலந்து படலமாகின்றன. ஆகவே ஒட்டும் இரு பக்கங்களில் ஒன்றாவது நீரை உறிஞ்ச வேண்டும். மைக்காவின் மேல் மைக்காவையோ, பாலிஷ் போட்ட பரப்பின் மேல் பலகையையோ இதைக் கொண்டு ஒட்டினால், நடுவில் ஒரு வாரம் கழித்தும் பால்போலவே இருக்கும். இழைத்த பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே பரவி உள்ளே இறங்கினால் அந்தப் பரப்பு பசைக்குத் தயார். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் இழைப்புளியை மறுபடி கையில் எடுக்க வேண்டியதுதான்.

அறைக்குள் இருக்கும் நாற்காலி, கட்டில், மேசை, இழுப்பறை ஆகியவற்றுக்கு இதைவிட வசதியான பசை கிடையாது. இதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று நீர், சாதாரண வகை நனைந்தால் மீண்டும் வெளுத்து இளகும். மற்றொன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. காய்ந்த பிறகும் இது கண்ணாடிபோல் இறுகுவதில்லை. வெப்பத்தில் இளகும் தன்மை இதன் இயல்பிலேயே இருக்கிறது. தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் மூட்டு, மாதக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்துகொண்டே போகும். மேற்கு பார்த்த வாசற்கதவு மே மாத வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. அந்தக் கதவின் கருநிற பாலிஷுக்கு அடியில் வெள்ளைப் பசை நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பலகைகளை மெல்லிய பட்டைகளாக அறுத்து வளைத்து ஒட்டும் வேலைக்கும் இதே காரணத்தால் இது ஆகாது. அச்சிலிருந்து எடுத்த வளைவு மெதுவாக நிமிரத் தொடங்கும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. கடின மரங்களை வெள்ளைப் பசையால் ஒட்டும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 முதல் 17 கிலோ வரை அழுத்தம் நல்லது என்பது பசைக்காரர்களின் பொதுவான அறிவுரை. குறுகலான விளிம்புகளைக் கிளாம்ப் போட்டு இறுக்கும்போது இது எளிதாகவே கிடைக்கும். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டின் மேல், அழகு மரத்தின் மெல்லிய இழை ஒட்டிய வெனியர் ஷீட்டை ஒட்டும்போதோ, கைக்குக் கிடைத்த சிமென்ட் மூட்டைகளை அடுக்குவதே நம் ஊர்ப் பழக்கம். பத்து மூட்டை, அதாவது 500 கிலோ, பார்வைக்குப் பெரிய பாரம்தான். அந்த ஷீட்டின் பரப்பு ஏறத்தாழ 29,700 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17 கிராம் வருகிறது. காற்றை உறிஞ்சி அழுத்தும் வேக்குவம் பையில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு அருகே கிடைக்கும். மூட்டைகளைவிட அது ஐம்பது மடங்குக்கும் மேல். மூட்டை வைத்தும் வேலை ஓடுகிறதே என்றால், ஷீட் தட்டையாகவும் பசை சீராகவும் பரவியிருப்பதால்தான் ஓடுகிறது. சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம், அதாவது ஒரு முழு ஷீட்டுக்கு அரைக் கிலோ அளவில், பல் வைத்த தகட்டால் இழுத்துப் பரப்பியிருந்தால் குறைந்த பாரமும் போதுமானதாகிவிடுகிறது. நடுவில் ஒரு கை அளவு குட்டையாகப் பசை தேங்கினால் எந்த மூட்டையும் அதை வெளியேற்றாது. அங்கேதான் பின்னால் உப்பும்.

வெனியர் என்ற ஒரே சொல் இங்கே இரண்டு பொருள்களைக் குறிப்பதால்தான் பாதிக் குழப்பம். நம் கடைகளில் எட்டுக்கு நான்காக விற்கும் வெனியர் ஷீட் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதில் உண்மையான தேக்கு அல்லது வால்நட் இழை அரை மில்லிமீட்டர் அளவுதான், மீதி பிளைவுட். அந்த இழையை ஆலையிலேயே சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிவிட்டார்கள். நாம் ஒட்டுவது பிளைவுட்டின் மேல் பிளைவுட்டைத்தான். அதற்கு வெள்ளைப் பசை தாராளமாகப் போதும். சமையலறை, குளியலறைச் சுவர் என்றால் டி3 தரத்துக்கு ஈடான, நீர் தாங்கும் வகையை எடுக்கலாம். தனி இழையை, காகிதம்போல் சுருண்டு வரும் அரை மில்லிமீட்டர் வெனியரை, நாமே ஒட்டும்போது கதை வேறு. வெள்ளைப் பசையின் நீர் இழையை உப்பச் செய்து நீட்டும். காயும்போது அது சுருங்கி, இரண்டு இழைகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடாகப் பிளக்கும். பசை இழையின் துளைகள் வழியே மேலே கசிந்து, பாலிஷ் போடும்போது ஈரம் படாத திட்டுகளாகத் தெரியும். இதற்கு யூரியா பார்மால்டிஹைடு தூள் பசை பொருத்தமானது. கலந்தபின் வேதிவினையால் இறுகுவதால் இது நகர்வதில்லை; வளைத்து ஒட்டும் வேலைக்கும் இதுவே தோழன். நம் வெயிலில் கலவை வேகமாகக் கெட்டிப்படும் என்பதால், ஒரு ஷீட்டுக்கு வேண்டியதை மட்டும் காலை நேரத்தில் கலந்துகொள்வது புத்திசாலித்தனம். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து நீடித்தால் இது சிதையும், வாசற்கதவுக்கு வேண்டாம்.

ரப்பர் பசைக்கு, அந்த வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு, இப்போது வரலாம். எஸ்.ஆர். என்று கடையில் சொல்லும் இந்தச் செயற்கை ரப்பர் பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவு உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தினால் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். மைக்கா நீரை உறிஞ்சாது என்பதால் அதற்கு இது ஏற்றது. ஆனால் இது கடைசிவரை ரப்பராகவே இருக்கும். நாற்காலிக் காலில் பூசினால் அந்தக் கால் ஆடும். தனி வெனியரில் பூசினால், மேலே அடிக்கும் பாலிஷின் தின்னர் இழையின் துளைகள் வழியே இறங்கி ரப்பரை இளக்கும். இழையும் தன் போக்கில் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்க ஆரம்பிக்கும். என் சொந்த எழுத்து மேசையின் மேற்பரப்பை அவசரத்தில் அப்படித்தான் ஒட்டினேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் நடுவில் ஓர் ஊத்தப்பம் அளவுக்குக் கொப்புளம் எழுந்தது. வெள்ளைப் பசையில் எழும் கொப்புளத்தை ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அமர்த்திவிடலாம், வஜ்ஜிரத்திலும் அப்படியே. ரப்பர் பசையில் அமர்த்திய கொப்புளம் மறுநாள் காலை பழையபடி எழுந்து நின்றது.

இந்தப் பசைகள் மூச்சில் கலப்பதையும் சொல்லியாக வேண்டும். ரப்பர் பசையின் கரைப்பான் தீப்பிடிக்கக் கூடியது, ஏ.சி. போட்டு மூடிய அறைக்குள் அதைப் பூசும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. யூரியா பிசினிலிருந்து மெல்ல வெளியேறும் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. புதுப் பிளைவுட் அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதென்றால், சில வாரங்களாவது கதவையும் சன்னலையும் திறந்தே வைக்க வேண்டும்.

தண்ணீர் படும் இடங்களுக்குப் பசையை மட்டும் மாற்றிப் பயனில்லை, பிளைவுட்டையும் மாற்ற வேண்டும். இந்தியத் தர நியமமான ஐ.எஸ். 303இன் எம்.ஆர். (ஈரம் தாங்கும்) வகைப் பிளைவுட் 60 பாகை வெந்நீரில் மூன்று மணி நேரம் தாங்கினால் தேறிவிடும். அதே நியமத்தின் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகை எட்டு மணி நேரம் கொதிக்க வேண்டும்; ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டோ 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது. புயலில் பிரிந்த அந்த அலமாரி எம்.ஆர். வகை. வெளியில் நிற்கும் பெஞ்சுக்கும் வாசற்கதவுக்கும் எபாக்சி நல்லது. இரண்டு பாகத்தைக் கலந்து இறுகும் இந்தப் பசை இடைவெளியை நிரப்பியும் வலுவாக நிற்கும். தேக்கில் ஒட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். தேக்கின் எண்ணெய் பரப்புக்கு ஊறி வந்து பசையைத் தள்ளும் என்பதால், இழைத்த அன்றே, தின்னர் தொட்ட துணியால் துடைத்து ஒட்டிவிட வேண்டும். நுரைத்து விரியும் பாலியூரித்தேன் பசையும் நீரைத் தாங்கும். ஆனால் அந்த நுரை இடைவெளியை நிரப்பிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது, நுரைக்கு வலு கிடையாது.

பழைய சாமான்களுக்கு வஜ்ஜிரமே சரி என்பது என் தீர்மானம். மீன்கடை வஞ்சிரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பசை. குருணையாக வரும் இதை இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 60 பாகை அளவில் இளக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடிக்கும், வெள்ளத்தில் இளகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வெந்நீரும் சூடும் இதைத் திரும்பப் பிரிக்கும். புதிய வஜ்ஜிரம் பழைய வஜ்ஜிரத்தோடு கலந்து ஒட்டும். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளிலிருந்து பழுதுக்கு வரும் தோதகத்தி நாற்காலிகள் நூறாண்டு தாண்டியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஓர் ஆசாரி மூட்டுகளை மரத்துக்குச் சேதமில்லாமல் பிரித்து மீண்டும் ஒட்ட முடிந்திருக்கிறது.

இப்போது என் மேசையில் அப்படி ஒரு நாற்காலி கிடக்கிறது. நான்கு கால்களில் மூன்று, வெந்நீர்த் துணி சுற்றி அரை மணியில் கழன்றுவிட்டன. நான்காவதைப் போன தடவை யாரோ வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது என்பதால், சூடாக்கிய வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்து, இளகிய தோலை உளி முனையால் மரம் புண்படாமல் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. நேற்று மாலை தொடங்கியது. துளையின் ஒரு பக்கம்தான் இதுவரை சுத்தமாகியிருக்கிறது.